ஃபர்னஸ் நின்றதும் முதலில் வருபவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் பகலில் வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஜனவரிக் குளிரில், காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபர்னஸ் நின்றதைச் சாட்டாக வைத்து ஒரு நிறுவனம் எங்கள் தலையில் பெரிய கடனொன்றைக் கட்டப் பார்த்தது.

வெளியே மைனஸ் 20க்குக் கிட்ட. ஃபர்னஸ் பற்றும், சில விநாடியில் 'டிக்' என்று அணையும். திரும்பப் பற்றும், திரும்ப அணையும், அப்புறம் அசையாமல் கிடக்கும். நானும் மனைவியும் வேலையில். '24 மணி நேர அவசர சேவை' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு இடத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் தமிழர். வீட்டில் மாமாவும் மாமியும் மட்டும்தான். "ஐயா, நீங்கள் என்ரை அப்பா மாதிரி, உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்" என்றுதான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்.

பேஸ்மென்டுக்குப் போய் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனேயே மேலே வந்துவிட்டாராம். "ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சுப் போச்சு. இதோடை இரவு படுத்தால் கார்பன் மொனொக்சைட் எல்லாரையும் கொண்டுபோயிடும்" என்று சொல்லி, போனில் ஒரு வெடிப்பின் படத்தையும் காட்டியிருக்கிறார். (ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதி. வெடிப்பு என்றால் அதில் விழும் கீறல்.) காஸை மூடினார். ஆபத்து, பாவிக்கக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். பிறகு டப்லெட்டை நீட்டி, "வந்து பார்த்ததுக்கு ஒரு சைன் வையுங்கோ ஐயா" என்றார். மாமி பயத்தில் அழுதுகொண்டிருக்க, மாமா கையெழுத்து வைத்தார்.

மின்னஞ்சலில் வந்தது புது ஃபர்னஸுக்கான 10 வருட வாடகை ஒப்பந்தம். மாதம் 139 டொலர், அதற்கு மேல் வரி. கூட்டிப் பாருங்கள், வரி இல்லாமலே 16,000 டொலரைத் தாண்டும். பரிசோதனைக் கட்டணம் என்று கார்டில் தனியாகவும் எடுத்திருந்தார்கள்.

அவர் அனுப்பிய படத்தை இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் நான்கு பர்னர்கள் வரிசையாக இருந்தன. எங்கள் ஃபர்னஸில் இருப்பது மூன்று. எங்கோ, யாருடையதோ வீட்டில் எடுத்த படம் அது. சொந்த மொழியில் அன்பாகப் பேசி, வயது போன மனிதரை இப்படி வெருட்டலாமா? காசு போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

அன்றிரவு ஹீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே அறையில் படுத்தோம். அடுத்த நாள் நண்பர் ஒருவர் சொன்ன, ஜி2 லைசென்ஸ் (காஸ் வேலை செய்வதற்கான அனுமதி) உள்ள டெக்னீசியன் வந்தார். லைசென்ஸ் அட்டையை அவரே முதலில் எடுத்துக் காட்டினார். கமராவை உள்ளே விட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் முழுவதையும் எங்களுக்கும் காட்டினார். வெடிப்பு எதுவும் இல்லை. பிறகு ஒரேயொரு திருகாணியைக் கழற்றி, பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒன்றை வெளியே எடுத்தார். அடியில் வெள்ளைப் பீங்கான், மேலே சாம்பல் நிறப் படிவு. அதுதான் ஃபிளேம் சென்சர். மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார். காஸைத் திறந்து பற்றவைத்தபோது நெருப்பு அணையவே இல்லை. புகையில் கார்பன் மொனொக்சைட் எவ்வளவு என்றும் கருவி வைத்து அளந்த பிறகுதான் போனார்.

விஷயம் இதுதான். நெருப்பு எரிகிறதா என்பதை அந்தக் கம்பி வழியாக ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை வைத்துத்தான் ஃபர்னஸின் போர்ட் (அதை இயக்கும் மின்னணு அட்டை) அறிந்துகொள்கிறது. மைக்ரோ அம்பியர் கணக்கில்தான் அது ஓடும். கம்பியில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் குறையும். நெருப்பு இல்லை என்று எண்ணி போர்ட் காஸை நிறுத்திவிடும். சில முறை முயன்று பார்த்துவிட்டு லொக் ஆகிவிடும். 'பற்றி உடனே அணைகிறது' என்றால் பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கம்பியைத்தான். காஸ் சம்பந்தப்பட்ட எதையும் நீங்களே கழற்ற வேண்டாம். வருகிறவரிடம் "ஃபிளேம் சென்சரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாலே போதும்.

கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. தெர்மோஸ்டாட் பட்டரி. பேஸ்மென்ட் படிக்கட்டில் லைட் சுவிட்ச் மாதிரியே இருக்கும் ஃபர்னஸ் சுவிட்ச், இதைப் பிள்ளைகள் அணைத்துவிடுவார்கள். அடைத்துப்போன ஃபில்டர்: காற்றோட்டம் குறைந்து சூடு கூடினால் லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடும். ஹை எஃபிஷென்சி ஃபர்னஸ் என்றால் வெளிச்சுவரில் இருக்கும், காற்றும் புகையும் போய்வரும் வெள்ளை பிவிசி குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். போர்டில் மினுங்கும் சின்ன விளக்கை எண்ணினால் என்ன கோளாறு என்று தெரியும். அதற்கான அட்டவணை பெரும்பாலும் மூடியின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் மட்டும் எதையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிப்பது உண்மையிலேயே நடப்பதுதான், ஆபத்தானதும்தான். அதனால்தான் இந்தப் பொய் இவ்வளவு நன்றாக விலைபோகிறது. சிவப்பு அட்டை போட்டால் நீங்களாகக் காஸைத் திறக்க வேண்டாம். "என்னுடைய ஃபர்னஸில் இருக்கும் வெடிப்பைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் உள்ள வேறொருவரை வைத்து இரண்டாவது தடவை பாருங்கள். ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்யும் நிறுவனம், காஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மாகாண அமைப்பான டிஎஸ்எஸ்ஏயில் (TSSA) பதிந்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் விற்பதற்கோ வாடகைக்குக் கொடுப்பதற்கோ ஒன்ராறியோவில் தடை. வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம், எழுத்தில், பதிவுத் தபாலில். முன்பெல்லாம் இப்படியான ஒப்பந்தங்களுக்காக வீட்டுப் பத்திரத்தில் நோசி (NOSI) பதிந்துவிடுவார்கள், அதாவது அந்தப் பொருளில் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்ற அறிவித்தல். வீட்டை விற்கப் போகும்போதுதான் சனத்துக்கு அது தெரியவரும். நுகர்பொருட்களுக்கு அப்படிப் பதிவதை 2024 ஜூனில் மாகாண அரசு நிறுத்திவிட்டது.

ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், போன் எடுத்தாலும் பதில் இல்லை. கிரெடிட் கார்ட் நிறுவனத்திடமும் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடமும் அந்த நான்கு பர்னர் படத்தோடு முறையிட்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தால் தேதியைப் பாருங்கள், 10 நாள் முடிவதற்குள் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.