மேசை ஓவனா, காஸ் குக்கர் ஓவனா?

யாழ்ப்பாணத்தில் வீட்டில் கேக் போட ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நான் வாங்கியது மேசையில் வைக்கும் கரண்ட் ஓவன். இனி வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன்.

காஸ் ஓவனின் நன்மை எல்லோருக்கும் தெரியும். உள்ளே இடம் பெரிது, கரண்ட் போனாலும் வேலை நடக்கும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது அது பெரிய விஷயம்தான். ஆனால் அதே வருடம் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றோம். அதனால் இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

என் முடிவுக்குக் காரணம் மெல்லிய சூடு. லவ் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை, கஜு, முட்டை, சீனி, தேன் எல்லாம் சேர்ந்த கனமான கலவை அது. 150 பாகை செல்சியஸ் அளவில் ஆறுதலாக வேக வேண்டும். சூடு ஏறினால் சீனியும் தேனும் மேலே கருகிவிடும், நடு பச்சையாகவே கிடக்கும். வீட்டுக் காஸ் ஓவன் பலவற்றில் நெருப்பு அடியில் மட்டும்தான். அதை எவ்வளவு குறைத்தாலும் 150க்குக் கீழே இறக்குவது கஷ்டம். கரண்ட் ஓவனில் சூடு தரும் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் இருக்கும், தேவையானதை மட்டும் போடலாம். நத்தாருக்கு றிச் கேக் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அதற்காகத் திருகியில் இருக்கும் இலக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. கம்பி எரிந்து அணைந்து மறுபடி எரியும்போது உள்ளே சூடு ஏறி இறங்கும். ஒரு சின்ன ஓவன் வெப்பமானி வாங்கி நடுத்தட்டில் வையுங்கள். ஓவனுக்கு அடுத்தபடியாக நான் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். சூடு ஏறுவதைக் காட்டும் லைட் முதல் தடவை அணைந்தவுடன் கேக்கை உள்ளே தள்ள வேண்டாம். காற்றுச் சூடாகியிருக்கும், சுவர் சூடாகியிருக்காது. இன்னும் 10, 15 நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் கதவைத் திறந்ததுமே சூடு விழுந்துவிடும்.

மேசை ஓவனிலும் குறை உண்டு. மேல் கம்பி கிட்ட இருப்பதால் மேற்பக்கம் சீக்கிரம் சிவக்கும். தட்டைக் கீழே வைத்து, நிறம் பிடித்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் சரி. ஓவனுக்குள் இருக்கும் விசிறியைப் போட்டால் செய்முறையில் உள்ள சூட்டில் 20 பாகை குறையுங்கள். கேக் தட்டைச் சுற்றிக் காற்று ஓட இடைவெளி வேண்டும், சுவரில் முட்டக் கூடாது.

இன்னொன்று, 2000 வாட் ஓவன் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைப் பிளக்கிலோ, நாலைந்து சாமான் மாட்டிய நீட்டு வயரிலோ கொடுக்கவே கூடாது. 13 அம்பியர் பிளக்கில் நேராகக் கொடுங்கள். வயரிங் பழையதென்றால் முதலில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பாண் நான் அதிகம் போட்டதில்லை, அதில் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பேக்கரிப் போறணையின் செங்கல் சூடு இரண்டிலுமே வராது என்பது மட்டும் நிச்சயம். ஓடருக்கு ஒரே நாளில் பல தட்டுக் கேக் போடுகிறவர் என்றால் இடத்துக்காகக் காஸ் ஓவனை யோசிக்கலாம். மற்றவர்கள் கடைக்குப் போனால், 100 பாகை வரை இறக்க முடியுமா, விசிறியைத் தனியே நிறுத்த முடியுமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.