பெரிதாகக் காட்டுவது இருக்கட்டும், நிலையாக நிற்குமா? ஏர் ரைஃபிளுக்கு நான் வாங்கிய ஸ்கோப்புகள்

கோவை கணபதியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் அன்னூர் தாண்டி இருக்கும் மாமனார் தோட்டத்தில், தென்னை நிழலில் உட்கார்ந்து காகிதத்தைச் சுடுவது பொழுதுபோக்கு. துப்பாக்கி, உள்நாட்டில் செய்த .177 (4.5 மி.மீ. துளை) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், குழலை மடக்கி லோடு செய்கிற வகை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பறவை, முயல் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த ஆளைத் தோட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் ஒரு பக்கம். எனக்கும் அதில் மனசு இல்லை. மணல் மூட்டை, அதன் முன்னால் அட்டை, அவ்வளவுதான்.

துப்பாக்கியோடு இலவசமாக ஒரு 4×20 ஸ்கோப், அதாவது மேலே மாட்டிக் குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி, வந்தது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் அகலம் மி.மீ.-இல். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊதாங்குழல் வழியாக அடுப்பைப் பார்ப்பது போல இருந்தது. மச்சான் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்லதொன்று வாங்கலாம் என்று கிளம்பியபோது கையில் வைத்திருந்த கணக்கு 3,000 ரூபாய்.

கடைக்காரத் தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து எடுத்து வைத்தது 3-9×40, லைட் எரிகிற மாடல். “அண்ணா, சிவப்பும் எரியும், பச்சையும் எரியும். ஒன்பது மடங்கு பெரிசாத் தெரியுமுங்கண்ணா.” கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்து பேக்கரி போர்டைப் பார்த்தேன். தேங்காய் பன் விலை வரைக்கும் தெரிந்தது. 2,600 கொடுத்துவிட்டு வந்தேன். பெயர் எதற்கு? அச்சு அசலாக அதே உருப்படி பத்துப் பெயரில், பத்து டப்பாவில் விற்கிறது.

முதல் நூறு குண்டு வரைக்கும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு இடது பக்கம் விழும், அடுத்த ஞாயிறு மேலே ஏறும். என் கைதான் ஆடுகிறது, வயசாகிறது என்று நினைத்துக் காப்பியைக்கூடக் குறைத்தேன். நானூறு குண்டு தாண்டியிருக்கும், ஒரு நாள் சுட்டு முடித்துக் கண்ணை வைத்தால் உள்ளே தெரியும் குறுக்குக்கோடு, கூட்டல் குறி பெருக்கல் குறியாகச் சாய்ந்து நிற்கிறது. குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம்.

கடையில் கேட்டேன். ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டினால் வாரண்டி இல்லையாம். ஏர் ரைஃபிளுக்கு என்று கேட்டு வாங்கியதற்கு அதுதான் பதில்.

சரி, செத்ததைப் பிரித்தாவது பார்ப்போம் என்று பட்டறையில் பிரித்தேன். ஸ்கோப்புக்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது, எரெக்டர் டியூப் என்பார்கள். மேலேயும் பக்கவாட்டிலும் நாம் திருகும் டரட் இரண்டும் அதைத் தள்ளுகின்றன. எதிர்ப்பக்கமிருந்து ஒரு தகட்டு ஸ்பிரிங் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. குறி மாறாமல் இருப்பது அந்தத் தகட்டின் கையில். என்னுடையதில் தகடு வளைந்து கிடந்தது. குறுக்குக்கோடு இருக்கும் கண்ணாடியைப் பிடிக்கிற மரை வளையம் கழன்று உருண்டுகொண்டிருந்தது. அந்த மரையில், கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் ஒரு சொட்டுகூட இல்லை.

இது ஏன் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மட்டும் சீக்கிரம் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் கனமான பிஸ்டன் ஒன்று முன்னால் பாய்கிறது. அப்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. அந்த பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் நின்ற கணமே துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. ஒரே சுடலில் முன்னும் பின்னும் இரண்டு அடி. பின்னால் வரும் உதையை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஸ்கோப்புக்கு, எதிர்த்திசையில் வரும் இரண்டாவது அடி புதுசு. பெரிய துப்பாக்கியில் வருஷக்கணக்காக நிற்கும் ஸ்கோப்புகூட இதில் செத்துப்போவது உண்டு. ஆகவே ஸ்பிரிங் துப்பாக்கிக்காரர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை மடங்கு என்பது அல்ல. ஸ்பிரிங் ஏர்கன் அதிர்வுக்கு என்று டப்பாவிலோ கையேட்டிலோ அச்சடித்திருக்கிறதா? இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் ஏர் ரைஃபிள், வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதில் உதையே இல்லாத மாதிரிதான்.

இரண்டாவது கேள்வி பேரலாக்ஸ். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் பேருந்தில் பக்கத்து சீட்டில் இருந்து டிரைவரின் ஸ்பீடு மீட்டரைப் பார்த்தால் முள் வேறு எண்ணில் தெரியுமே, அதேதான். சாதாரண ஸ்கோப் 100 கஜத்துக்கு என்று கம்பெனியிலேயே வைத்து வரும். நாம் சுடுவதோ 10 மீட்டர், மிஞ்சினால் 25. அந்த 2,600 ரூபாய் ஸ்கோப்பில் 9 மடங்கில் வைத்தால் 10 மீட்டர் அட்டை கலங்கிய குட்டை. கண்ணை ஓரத்துக்கு நகர்த்தினால் குறுக்குக்கோடு அட்டையில் அரை அங்குலம் ஊர்ந்தது. துப்பாக்கி அசையவில்லை, கண் அசைந்தது, அவ்வளவுதான். ஆகையால் முன் லென்ஸ் வளையத்தைத் திருகித் தூரத்தை வைத்துக்கொள்கிற ஏஓ வகை வேண்டும். வளையத்தில் கடைசி எண் 10 கஜம் வரை இறங்கி வருகிறதா என்று பாருங்கள். அந்தக் காசு இல்லையா, ஏர்கனுக்கு என்று கிட்டத்தூரத்துக்கு வைத்து வரும் 4×32, ஜூம் இல்லாதது, போதும். அசையும் பாகம் குறைந்தால் கெட்டுப்போகும் பாகமும் குறையும். எங்கள் தொழிலில் இது பாலபாடம்.

நான் வைத்த மூன்றாவது ஸ்கோப்தான் இப்போது துப்பாக்கியில் இருப்பது: ஹாக் வான்டேஜ் 3-9×40 ஏஓ. ஹாக் இங்கிலாந்து கம்பெனி, ஏர்கன்காரர்களிடம் நல்ல பெயர். புதுசு வாங்க எனக்குக் கட்டுப்படி ஆகவில்லை. திருப்பூர்க்காரர் ஒருவர் பிசிபிக்கு மாறியதால் பழையதை விற்கிறார் என்று தெரிந்து, பட்டறைக்கே வரச் சொன்னேன். 8,500 கேட்டார்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். வீ-பிளாக் (V வெட்டு உள்ள இரும்புக் கட்டை) இல்லாதவர்களும் அட்டைப் பெட்டியில் V வடிவில் இரண்டு பக்கமும் வெட்டி இதைச் செய்யலாம். இரண்டு வீ-பிளாக்கை சர்ஃபேஸ் பிளேட் என்கிற சமதளப் பலகையில் வைத்து ஸ்கோப்பைப் படுக்கவைத்தேன். எதிர் காம்பவுண்ட் சுவரில், டேப் பிடித்து சரியாக 10 மீட்டரில், கிராஃப் தாள் ஒட்டினேன். கணக்கு இதுதான்: டரட்டைத் திருகும்போது கேட்கும் ஒரு கிளிக் என்பது கால் எம்ஓஏ; எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டரில் ஒரு எம்ஓஏ 2.9 மி.மீ., எனவே ஒரு கிளிக்குக்கு 0.7 மி.மீ. சொச்சம். நாற்பது கிளிக் மேலே திருகினால் குறி 29 மி.மீ. நகர வேண்டும். திருப்பி நாற்பது திருகினால் புறப்பட்ட புள்ளிக்கே வர வேண்டும். பிறகு வலது, கீழ், இடது, மேல் என்று ஒரு சதுரம். ஒரு குண்டுகூடச் சுடாமல் டரட்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

திருப்பூர்க்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏனுங்க, ஸ்கோப் வாங்கறீங்களா, இல்ல ஷாஃப்ட் இன்ஸ்பெக்‌ஷன் பண்றீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க. நீங்க இன்னொரு டீ சொல்லுங்க.”

சதுரம் மூடியது. கோட்டுக்குக் கோடு, என் கண்ணுக்கு அரை மி.மீ. வித்தியாசம்கூடத் தெரியவில்லை. ஸ்கோப்பை வீ-பிளாக்கிலேயே உருட்டிப் பார்த்தேன். நடுவில் வைத்திருந்தால் குறுக்குக்கோட்டின் மையம் வட்டம் போடாமல் ஒரே இடத்தில் சுழல வேண்டும், சுழன்றது. 3-இலிருந்து 9 வரை ஜூமைத் திருகினேன், மையம் விலகவில்லை. இதே சோதனையைப் பழைய 2,600 ரூபாய்க்காரனுக்குச் செத்த பிறகு செய்து பார்க்க முடியாது. ஆனால் அதன் தம்பி ஒருவன், அதே அச்சு, வேறு பெயர், பக்கத்துப் பட்டறைக்காரரிடம் உயிரோடு இருந்தான். அவனை வாங்கி வைத்தேன். நாற்பது கிளிக்குக்கு நகர்ந்தது 21 மி.மீ. திரும்பி வந்தபோது 4 மி.மீ. தள்ளி நின்றான். டரட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டியதும் குதித்துச் சரியான இடத்துக்கு வந்தான். அந்தக் காலத்தில் காசு போடும் போன் டப்பாவைத் தட்டினால் வேலை செய்யுமே, அந்த ஜாதி.

8,500-ஐ 8,000 ஆக்கி வாங்கினேன்.

ஆனால் ஸ்கோப்பை மட்டும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு அடுத்த பாடம், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்டில் கிடைத்தது. துப்பாக்கி மேல் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில், மவுண்ட் கவ்விப் பிடிக்கிற சரிந்த ஓர ரெயில். தனித்தனி ரிங் இரண்டு போட்டு எவ்வளவு முறுக்கினாலும், முன்னால் இழுபடும் அந்த அடியில் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்து வருகிறது. ரிங்குக்குப் பின்னால் பென்சில் கோடு போட்டுவைத்தேன். ஐம்பது குண்டில் கோடு ரிங்குக்கு அடியில் மறைந்துவிட்டது. விட்டால் கண்புருவத்தில் வந்து முத்தம் கொடுக்கும். ஒரே துண்டாக வரும், அடியில் ஸ்டாப்பர் பின் இருக்கும் மவுண்ட் வாங்கி, அந்தப் பின்னை ரெயிலில் இருக்கும் துளையில் இறக்கியதும் நின்றது. அதற்கு 900 ரூபாய். பட்ஜெட் போடும்போதே இதைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். ரிங் ஸ்குரூவைப் பலசாலித்தனமாக முறுக்க வேண்டாம். ஒரு அங்குல அலுமினியக் குழாய்தான் அது, நசுங்கிவிடும். சைக்கிள் சக்கரத்துக்கு ஸ்போக் முறுக்குவது போல மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று. மடக்கும் குழல் துப்பாக்கிகளில் பலதுக்குக் குழல் முனை லேசாகத் தலைகுனிந்திருக்கும். குண்டு கீழேயே விழும். மேலே ஏற்ற டரட்டைத் திருகிக்கொண்டே போனால் முட்டிக்கொள்ளும். அந்த மூலையில் உள்குழாயைத் தாங்கும் தகடு தளர்ந்துபோய்க் குறி நிலையில்லாமல் ஆகும். ஸ்கோப்பைத்தான் திட்டுவோம். நான் பின்பக்க ரிங்கில், ஸ்கோப் குழாய்க்கு அடியில், 0.2 மி.மீ. பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) ஒன்று வைத்தேன். ரிங் இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ.; ஆக 25 மீட்டரில் 50 மி.மீ. ஏறும். டரட் நடுவுக்கு வந்துவிட்டது. ஷிம் கிடைக்காதவர்கள் கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து வைக்கலாம், தப்பில்லை.

இப்போது ஆறு மாதம், இரண்டாயிரம் குண்டு ஆகிவிட்டது. 25 மீட்டரில் உட்கார்ந்து, மூட்டை மேல் கை வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன. காற்று இல்லாத நாளில். மார்கழிக் காலைப் பனியில் வெளியே வைத்தபோதும் உள்ளே ஆவி படியவில்லை. 9 மடங்கில் பொழுது சாயும் நேரம் படம் மங்கும். அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. 40-ஐ 9-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டம் 4.4 மி.மீ.தான், 4-இல் வைத்தால் 10. நான் இப்போது பெரும்பாலும் 5 அல்லது 6-லேயே விட்டுவிடுகிறேன். ஒன்பதில் வைத்தால் இதயத் துடிப்புகூட அட்டையில் தெரிகிறது, அதைப் பார்த்தே விரல் பதறும்.

பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்க்கப் போகிறவர்கள், அதற்காக ஸ்கோப் தேடிக்கொண்டிருந்தால், நிறுத்திவிடுங்கள். என் மகள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் போட்டியை டிவியில் பார்த்துவிட்டு, “அப்பா, அந்தக்கா துப்பாக்கில ஸ்கோப் எங்கே?” என்று கேட்டாள். இல்லை. ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க அனுமதியே கிடையாது. துளை வழியாகப் பார்க்கும் டயாப்டர் சைட் மட்டும்தான். அந்த அட்டையின் பத்துப் புள்ளி வட்டம் அரை மி.மீ., பேனா முனை வைத்த புள்ளி. “அவங்களுக்கு வேணாம், உங்களுக்கு மட்டும் எதுக்கு?” என்றாள். பதில் சொல்லவில்லை.

வாங்கும் முன் என்னைக் கேட்டிருந்தால், 3,000 வைத்திருப்பவருக்கு ஏர்கனுக்கென்றே வந்த 4×32-உம் ஸ்டாப்பர் பின் உள்ள மவுண்டும். 8,000, 9,000 வரை போக முடிந்தவருக்குப் பழைய ஏஓ ஒன்று, கிராஃப் தாளில் சதுரம் போட்டுப் பார்த்த பிறகு. நடுவில் இருக்கும் சிவப்பு, பச்சை விளக்குக்காரர்களிடம் போக வேண்டாம். பகலில் அந்த விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே தெரியாது.

செத்தவனைத் தூக்கிப் போடவில்லை. கண்பக்க லென்ஸைக் கழற்றி ஒரு நைலான் புஷ் கடைந்து அதில் மாட்டியிருக்கிறேன். லேத்தில் வெட்டும் கார்பைடு இன்ஸர்ட்டின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அருமையாக இருக்கிறது. பட்டறைப் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டாயிரத்து அறுநூறு’.