கேலக்ஸி ஜூ: ப்ரூஃப் பார்க்கிறவனின் விமர்சனம்

இலவசமாகக் கிடைக்கும் பொழுதுபோக்குகளில் கேலக்ஸி ஜூ எனக்கு ரொம்பப் பிடித்தது. கேலக்ஸிகளின் (பெரும் நட்சத்திரக் கூட்டங்களின்) படங்களைப் பார்த்து வகை பிரிக்கும் வேலையைப் பொதுமக்களிடம் விடும் இணையதளம் அது. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என் தொழில். பகலெல்லாம் ஒற்றுப்பிழை தேடிய கண்ணை இரவில் வேறெங்காவது மேயவிட வேண்டும். திருவல்லிக்கேணி மொட்டை மாடியில் நின்றால் நிலாவும் வியாழனும் தெரிந்தாலே அதிகம், அதனால் லேப்டாப்பில் வானம்.

திரையில் ஒரு கேலக்ஸியின் படம் வரும். வழவழவென்று உருண்டையா, தட்டு மாதிரி ஏதாவது தெரிகிறதா, இல்லை வெறும் நட்சத்திரமோ படக்கோளாறோ என்று கேட்பார்கள். சொல்கிற பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும்: சுருள் கைகள் எத்தனை, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கின்றன, பக்கத்து கேலக்ஸியோடு மோதுகிறதா? எனக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆனால் பதில்களோடு சின்னப் படங்கள் இருப்பதால், பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகள் என்னைவிட வேகமாகப் போகிறாள். கணக்குத் தொடங்காமலே முயன்று பார்க்கலாம்.

சொன்னது சரியா தப்பா என்று யாரும் மார்க் போடுவதில்லை. ஒரே படத்தைப் பல பேர் பார்ப்பார்கள், ஓட்டுகளைச் சேர்த்துத்தான் முடிவு. சிலருக்கு இது சப்பென்று இருக்கலாம். மங்கல் மங்கலாகவே வரிசையாக வரும் நாட்களில் எனக்கும் கொட்டாவி வரும்.

2007 ஜூலையில் இதைத் தொடங்கியவர்கள் ஆக்ஸ்போர்டின் கிறிஸ் லின்டாட், கெவின் ஷவின்ஸ்கி. வானத்தைத் தொலைநோக்கியால் படமெடுக்கும் ஸ்லோன் வானாய்வுத் திட்டம் தந்த சுமார் 9 லட்சம் கேலக்ஸிகளின் படங்கள் கையில். அதில் 50,000 படங்களை ஷவின்ஸ்கி ஒற்றை ஆளாகப் பார்த்துக் களைத்த பிறகுதான் ஊரைக் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சுருள் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்றும் கேட்டார்கள். இடஞ்சுழிக்கு ஓட்டு கூடுதலாக விழுந்தது. சந்தேகப்பட்டு, சில படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழிக்கே அதிகம்! கோளாறு பிரபஞ்சத்தில் இல்லை, பார்க்கிறவர்களிடம். தன் கட்டுரைக்குத் தானே ப்ரூஃப் பார்த்த எந்த எழுத்தாளருக்கும் இது புரியும்.

அதே வருடம் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 என்ற கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருந்த விநோதத் திட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். அது ஒரு பெரிய வாயு மேகம். அந்த கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றி ஒரு காலத்தில் எழுந்த ஒளிதான் அதை ஒளிரவைத்தது. அந்த ஒளி மங்கிய பிறகும் மேகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களை அசுர வேகத்தில் பெற்றுத்தள்ளும் ‘பச்சைப் பட்டாணி’ கேலக்ஸிகளைக் கவனித்துத் திரட்டியதும் தன்னார்வலர்கள்தான். கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் இரண்டும் கண்ணில் படாமலே போயிருக்கும்.

2024-ல் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களும் சேர்ந்தன. ரேடியோ அலைகளில் எடுத்த படங்கள் பிடிக்குமென்றால், புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளை வைத்து 2013 முதல் நடக்கும் ரேட் அட் ஹோம் என்ற பொதுமக்கள் ஆய்வுத் திட்டம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

போனில் பார்க்காதீர்கள், மெல்லிய சுருள் கைகள் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கடைசியில் அபூர்வமாக ஏதாவது தெரிகிறதா என்று ஒரு கேள்வி வரும், வீட்டில் சண்டை வருவது அங்கேதான். போன வாரம் அண்ணன் மகள் வளையம் என்றாள், நான் தூசிப் பட்டை என்றேன். மவுஸ் அவள் கையில் இருந்ததால் ஓட்டு வளையத்துக்கு விழுந்தது.