சிங்கப்பூரில் குடும்பத்தோடு தங்க: தேக்காவா, பூகிஸா, சைனாடவுனா?

ஊருக்கு நடுவில், விலை குறைவாக, வசதியாக ஒரு ஹோட்டல் சொல்லுங்கள் என்று சிங்கப்பூர் வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்றால், கிட்டத்தட்ட கிடைக்கும். ஆனால் 'நடு' என்பதை வரைபடத்தில் மெர்லயன் சிலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஊரில் ரயில் கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் போகிறது. அதனால் பார்க்க வேண்டியது இரண்டுதான்: அறையிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலைய வாசலுக்கு எத்தனை நிமிட நடை, அந்த நிலையத்தில் எந்தெந்தத் தடங்கள் வருகின்றன. கூட ஒரு பாட்டியும் தள்ளுவண்டியில் ஒரு குழந்தையும் உண்டு என்றால் நீச்சல் குளம், காலைச் சாப்பாடு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மரினா பே, ஆர்ச்சர்ட் சாலை, செந்தோசா மூன்றையும் முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம், நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டில் அவை அடங்காது. மிச்சம் இருப்பது தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா, அதை ஒட்டிய ஃபேரர் பார்க்; பூகிஸ், பென்கூலன், லவெண்டர் பகுதி; அப்புறம் சைனாடவுன்.

தேக்காவில் தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் வேறு எதையும் பார்க்காமல் அங்கேதான் புக் செய்கிறார்கள். காரணம் சாப்பாடு. காலையில் இட்லி, ராத்திரி பரோட்டா, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி உணவகங்கள், பெரியவர்களுக்கு வீரமாகாளியம்மன் கோயில், வெகுநேரம் திறந்திருக்கும் முஸ்தஃபா பல்பொருள் கடை. கொண்டுவர மறந்த மாத்திரையிலிருந்து பெட்டிக்குப் பூட்டு வரை நடந்துபோய் வாங்கிவிடலாம். போக்குவரத்தும் நல்லதுதான். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடமும் டௌன்டவுன் தடமும் சந்திக்கின்றன. செந்தோசா போக ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில், மாறவே வேண்டாம். கார்டன்ஸ் பை தி பே போக பேஃபிரண்டுக்கு டௌன்டவுன் தடத்தில் நான்காவது நிறுத்தம்.

குறை எங்கே என்றால் கட்டடங்களில். இந்தப் பகுதியின் மலிவான விடுதிகள் பல, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டியவை. சிலவற்றில் லிஃப்ட் கிடையாது, சிலவற்றில் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் இல்லாத அறையைச் சும்மா 'ஸ்டாண்டர்ட்' என்று போட்டிருப்பார்கள். படத்தில் கட்டிலுக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கினால் அதற்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்வது நல்லது. 110, 130 சதுர அடி அறைகள் சர்வசாதாரணம், நாலு பேரின் பெட்டிகளையும் திறந்து வைத்தால் நிற்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுமுறை நாளுக்கு வெளிநாட்டு ஊழியர்கள் எல்லோரும் கூடுவதால் நடைபாதையில் தள்ளுவண்டி நகராது. கூட்டமே தவிர பயப்பட ஒன்றும் இல்லை, 2015இலிருந்து இந்தப் பகுதி பொது இடத்தில் குடிப்பதற்குக் கட்டுப்பாடு உள்ள வட்டாரம்.

அதனால்தான் தேக்கா என்று முடிவு செய்தவர்களை நான் ஒரு நிறுத்தம் தள்ளி ஃபேரர் பார்க் பக்கம் பார்க்கச் சொல்கிறேன். அங்கே புதிய, உயரமான கட்டடங்களில் லிஃப்டோடு ஹோட்டல்கள் இருக்கின்றன. முஸ்தஃபாவும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் பக்கத்திலேயே, இட்லிக் கடைகளும் நடக்கும் தூரத்தில்தான். வடகிழக்குத் தடம் மட்டும்தான் அங்கே வருகிறது, கார்டன்ஸ் போக ஒரு முறை ரயில் மாற வேண்டும். அது ஒரு குறையே இல்லை.

பூகிஸ் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. பூகிஸ் நிலையத்தில் கிழக்கு மேற்குத் தடமும் டௌன்டவுன் தடமும் வருகின்றன. விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்தால் தானா மேராவில் ஒரே ஒரு முறை மாறி நேராக பூகிஸில் இறங்கலாம், பேஃபிரண்டுக்கு இரண்டே நிறுத்தம். அறைகள் தேக்காவைவிடப் பொதுவாகப் புதியவை, ஐபிஸ் பென்கூலன் மாதிரி அளவோடு, சுத்தமாக, அலங்காரமில்லாமல் இருக்கிற ரகம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அந்த வட்டாரத்தில் சீனச் சைவ உணவகங்கள் நிறைய. பார்ச்சூன் சென்டர் கட்டடத்துக்குள் போனால் சைவக் கடைகள்தான் கண்ணில் படும். பிள்ளைகள் நூடுல்ஸ் என்றால் சந்தோஷப்படுவார்கள். சாம்பார் இல்லாமல் பொழுது விடியாத அப்பா கூட வந்தால் தேக்காவுக்குக் கால் மணி நேர நடை, அல்லது டௌன்டவுன் தடத்தில் இரண்டு நிறுத்தம். ஆனால் மூன்று வேளையும் அப்படிப் போக முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

லவெண்டர் இதே பகுதியின் கொஞ்சம் மலிவான முனை. வி ஹோட்டல் லவெண்டர் எம்ஆர்டி நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது. மழையில் நனையாமல், சாலை கடக்காமல், லிஃப்டில் இறங்கினால் ரயில். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று இரண்டாவது நாள் சாயங்காலம்தான் தெரியும், ஏனென்றால் இங்கே சுற்றிப் பார்ப்பது என்றாலே நடைதான். சுற்றுவட்டாரம் சுவாரஸ்யமானது இல்லை. ஆனால் ஹோட்டலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கவா வருகிறோம்?

சைனாடவுன் அழகு, அதில் சந்தேகமில்லை. 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது, இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். வடகிழக்குத் தடம், டௌன்டவுன் தடம் இரண்டும் சைனாடவுன் நிலையத்தில் உண்டு, ஹார்பர்ஃபிரண்ட் இரண்டாவது நிறுத்தம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள், கடற்கரை இன்னொரு நாள் என்று செந்தோசாவுக்கே இரண்டு தடவை போகிற திட்டம் இருந்தால் இதைத் தாராளமாக எடுக்கலாம். மற்றபடி எனக்கு இது குடும்பத்தைவிட ஜோடிகளுக்கான இடமாகத்தான் படுகிறது. கடைவீட்டு அறைகளின் நெருக்கடி இங்கேயும் உண்டு, அதற்குக் கலைநயம் என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை வாங்குகிறார்கள். விலங்குத் தோட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இருக்கும் மண்டாய் எல்லா இடத்திலிருந்தும் தூரம், எங்கே தங்கினாலும் ஒரு ரயில் மாறி காத்திப் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ஷட்டில் பஸ்தான்.

இனி, மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல், பணம் நிஜமாகக் கரைவது இங்கேதான். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்று தேடலில் போட்டுப் பாருங்கள், பட்டியலில் இருந்த பாதி ஹோட்டல்கள் காணாமல் போகும். இந்த ஊரின் சாதாரண அறை இரண்டு பேருக்கானது, மிஞ்சினால் இருக்கிற கட்டிலிலேயே படுக்கிற ஒரு சின்னப் பிள்ளை. 'பிள்ளைகளைக் கணக்கில் காட்டாமல் புக் செய்துவிட்டு நேரில் சமாளித்துக்கொள்ளலாம்' என்ற நம் ஊர்ச் சாமர்த்தியம் இங்கே எடுபடாது, செக்கின் நேரத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், இரண்டாவது அறை எடுக்கச் சொன்னால் அன்றைய விலைதான். ஆகவே ஒப்பிட வேண்டியது ஓர் அறையின் விலையை அல்ல, உங்கள் குடும்பம் முழுவதும் படுக்க ஆகும் விலையை. 150 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நாலு பேர் படுக்கும் அறை, 90 வெள்ளி வீதம் இரண்டு அறைகளைவிட மலிவு. அதுவும் ஒரு அறையில் அம்மாவும் ஒரு பிள்ளையும், வேறு மாடியில் அப்பாவும் இன்னொரு பிள்ளையும் என்று பிரிந்து கிடப்பதை யார் விரும்புவார்கள்?

விலையோடு 'பிளஸ் பிளஸ்' குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து சதவீதச் சேவைக் கட்டணம், அதைச் சேர்த்த தொகைமேல் 9 சதவீத ஜிஎஸ்டி. 150 வெள்ளி என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 179 வெள்ளி 85 காசு. ஒரு தளத்தில் வரி சேர்த்த விலையும் இன்னொன்றில் சேர்க்காத விலையும் பார்த்துவிட்டு 'இது மலிவு' என்று எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதவர்களே குறைவு.

அடுத்தது வந்து இறங்கும் நேரம். சென்னை, திருச்சியிலிருந்து ராத்திரி கிளம்பும் விமானத்தில் ஏறினால், நான்கு மணி நேரப் பயணம், கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் முன்னே, விடிகாலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவீர்கள். முதல் ரயில் ஐந்தரைக்குப் பிறகுதான். டாக்ஸியில் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டர்மேல் பாதி கூடுதல். ஹோட்டலில் அறை கொடுப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. அதனால் ரயிலில் வருவதுதான் உங்கள் திட்டம் என்றால் பூகிஸ், லவெண்டர் இரண்டுக்கும் இங்கே ஒரு கூடுதல் மதிப்பெண். பெட்டியைக் கவுன்டரில் வைத்துவிட்டு வெளியே போக அனுமதிப்பார்களா என்று முன்பே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். டாக்ஸியைப் பொறுத்தவரை இன்னொன்று: சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான், பாட்டியோடு ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி. ஆப்பில் கூப்பிடும் தனியார் வாடகைக் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ரயிலில் 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கட்டணக் கார்டு வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேர் தட்டிக்கொண்டு போக முடியாது.

மலிவு என்று யாராவது காட்டும் மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேலாங் வட்டாரத்தில் விலை குறைவு, சாப்பாடு அருமை, ஆனால் அங்கே இரட்டை எண் லோரோங்குகள், அதாவது சந்துகள், சிவப்பு விளக்குப் பகுதி. ஆபத்து என்று இல்லை, பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள். யாரோ ஒருவருடைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நாலு நாள் அறை என்றால் வேண்டவே வேண்டாம், அது சட்டவிரோதம். வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கும் தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும். சமையலறையோடு சர்வீஸ் அபார்ட்மெண்ட் ஒழுங்கான வழிதான், ஆனால் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். மலேசியாவின் ஜோகூர் பாருவில் தங்கி தினமும் எல்லைப் பாலம் தாண்டி வரலாம் என்பவர்கள் இரண்டு குடிநுழைவு வரிசைகளிலும் பிள்ளைகளோடு நின்றதில்லை என்று நினைக்கிறேன்.

என் தேர்வு கேட்டால்: பெரியவர்கள் கூட வந்தால் ஃபேரர் பார்க், அங்கே நாலு பேர் அறை கிடைக்காவிட்டால் லவெண்டர். பிள்ளைகளும் நீங்களும் மட்டும் என்றால் பூகிஸ், யோசிக்கவே வேண்டாம்.

தேதியையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மரினா பேயில் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஊர் முழுக்க அறை விலை ஏறும், அந்த வாரம் எங்கே தங்கினாலும் நஷ்டம்தான். தைப்பூசத்துக்குக் காவடிகள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி டேங்க் சாலைக்குப் போகும், வழியில் சாலைத் தடங்களை மூடியிருப்பார்கள், டாக்ஸி ஹோட்டல் வாசல் வரை வருவது சந்தேகம். காவடி பார்க்க வருகிறவர்களுக்கு ஃபேரர் பார்க்கைவிட நல்ல இடம் கிடையாது. மற்றவர்கள் அந்த இரண்டு ராத்திரிக்கு மட்டும் பூகிஸ் பக்கம் அறை பாருங்கள்.