படையோடு வந்த காசு: பிராங்கா, மார்க்கா?

இரண்டும் இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரை எதிர்த்த நேசப் படைகளுக்காக அமெரிக்காவில் அச்சடித்த தாள்தான், ஆனால் 1944இல் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய பிராங்குக்கும் அப்புறம் ஜெர்மனிக்குள் போன மார்க்குக்கும் வந்த சிக்கல் வேறு வேறு. பிராங்குக்கு மானப் பிரச்சினை. பின்பக்கம் பிரெஞ்சுக் கொடி இருந்தது, வெளியிட்ட அரசின் பெயர் மட்டும் இல்லை. சுதந்திர பிரான்ஸ் தலைவர் டி கோல் கடுப்பாகி அதைக் கள்ளப்பணம் என்றே சொல்லிவிட்டார்.

மார்க் கதைதான் கூத்து. அச்சுத் தகடுகளின் நகலை அமெரிக்கா சோவியத்துக்கும் கொடுத்துவிட்டது, அவர்கள் கணக்கு வழக்கில்லாமல் அடித்து, சம்பளப் பாக்கியோடு நின்ற தங்கள் சிப்பாய்களுக்கு அள்ளிக் கொடுக்க, அவர்களோ பெர்லினில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் கைக்கடிகாரங்களாக வாங்கித் தள்ளினார்கள். விற்றவர்கள் அந்த மார்க்கை அமெரிக்க ராணுவத்திடமே 10க்கு 1 டாலர் கணக்கில் மாற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நஷ்டம் யாருக்கு? அமெரிக்க அரசுக்கேதான்! இத்தனைக்கும் சோவியத் தாளில் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கும், பார்த்தாலே தெரியும்.

என்னைக் கேட்டால் பிராங்கே தேவலை, அது வாங்கிக் கட்டிக்கொண்டது திட்டு மட்டும்தான். மார்க்கோ பழைய பணம் போய்ப் புதுப் பணம் வந்த 1948 ஜூன் நாணயச் சீர்திருத்தம் வரை இழுத்தடித்தது.