கல்லடி வலைப்பந்து வகுப்பு: பிள்ளையை அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கு

சனி, ஞாயிறு காலைகளில் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் நடக்கிற வலைப்பந்து (நெட்போல்) பயிற்சி வகுப்பைப் பற்றித் தெரிந்த தாய்மார் அடிக்கடி கேட்கிறார்கள். என் மகள் போன வருஷத்திலிருந்து அங்கே போகிறாள், எதிரணியைத் தடுக்கிற இடங்களில் ஒன்றான விங் டிஃபென்ஸ் ஆடுகிறாள். கேட்கிற எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

குறைகளை முதலில் சொல்கிறேன். கோர்ட் வெறும் சீமெந்து. கடற்காற்று மணலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், தொடங்க முன் பிள்ளைகள்தான் கூட்டுவார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு நிழல் கிடையாது. கட்டணம் மாதம் 2,000 ரூபாய், அதில் குறை சொல்ல மாட்டேன். செங்கலடி, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஞாயிறு விடியற்காலை பஸ் பிடிப்பது பெரிய பாடு.

வெல்லும் மனம் வேண்டும் என்று சொல்லாத பயிற்சியாளர் இல்லை. மகள் முன்பு போன இடத்தில் அதற்காகச் செய்தது கத்துவது மட்டும்தான். தோற்றால், பந்தைத் தவறவிட்ட பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள். மறுகிழமை அந்தப் பிள்ளை பந்துக்குக் கையே நீட்டாது. தவறு விடாமல் ஒளிந்து நிற்கப் பழகிவிடும்.

இங்கே டீச்சர் செய்கிற வேலை வேறு. பயிற்சி ஆட்டத்தை 0-0 இல் தொடங்க மாட்டார். ஒரு பக்கம் 17, மறுபக்கம் 12 என்று போர்ட்டில் எழுதி, நான்கு நிமிடம் தருவார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தது: பின்தங்கிய அணியின் சென்டர், அதாவது நடுவில் ஆடுகிற பிள்ளை, அவசரப்பட்டு நீளமாக எறிந்தாள், பந்து எதிரணிப் பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. வழக்கமாக அந்த இடத்தில் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்கள். "கிறுகுங்க மனே, ஆளைப் பிடிங்க!" டீச்சரிடமிருந்து அவ்வளவுதான் (கிறுகுவது என்றால் எங்கள் பக்கம் திரும்புவது). எறிந்தவளே முதல் ஆளாகக் கிறுகி ஓடி, தன் ஆளுக்கு முன்னால் போய் நின்றாள். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொருத்தியை மறைத்துவிட்டார்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. கொடுக்க ஆளில்லாமல் அந்தப் பிள்ளை தடுமாற, விசில் ஊதிப் பந்து திரும்ப இவர்களுக்கே வந்தது. அந்த ஆட்டம் 18-16, தோல்விதான். ஆனால் முடிந்ததும் டீச்சர் பேசியது அந்தக் கிறுகலைப் பற்றி, எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பது வரைக்கும். அந்தச் சென்டரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இடைக்கிடை வீடியோவும் போட்டுக் காட்டுவார். 2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டம், சிங்கப்பூரை 69-50 என்று வென்று ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கிண்ணம் இலங்கைக்கு வந்த ஆட்டம். எல்லாப் பிள்ளைகளும் இலங்கை அணிக்குக் கோல் போடுகிற யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க, "அவவ விடுங்க, அவவுக்குப் பந்து குடுக்கிற ஆளப் பாருங்க" என்றார். அதே தர்ஜினிதான் 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு எல்லா நாட்டு வீராங்கனைகளையும் முந்தினார். 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆம் இடம். டீச்சர் இரண்டு எண்ணையும் போர்ட்டில் எழுதி, ஏன் என்று பிள்ளைகளிடமே கேட்டார். வாயே திறக்காத ஒரு பிள்ளை, "மற்றப் பக்கம் கோல் விழாமத் தடுக்கவும் ஆள் வேணும்தானே" என்றது. டிஃபென்ஸ் ஆடுகிற பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தங்கள் இடத்தின் மதிப்பு தெரிந்தது என்று நினைக்கிறேன். மகள் வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் அப்பாவுக்கு இன்னொரு தரம் சொன்னாள்.

பிள்ளைகளை இப்படி அக்கறையாகப் பழக்குவது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த ஃபாதர் வெபரும், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போன ஃபாதர் ஹேபர்ட்டும் அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை விளையாட்டில் ஆளாக்கியவர்கள். அது ஆண் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அதே அக்கறை எங்கள் பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது.

ஒரு ஆதங்கம் உண்டு. வெளி அணிகளோடு ஆட்டங்கள் போதாது. தங்களுக்குள்ளேயே ஆடும்போது யார் எங்கே எறிவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அம்பாறை, கல்முனைப் பக்கத்து அணிகளை மாதத்துக்கு ஒன்றாவது கூப்பிட்டால் நல்லது. டீச்சரிடமும் சொல்லியிருக்கிறேன், வான் செலவைப் பெற்றோர் பகிர்ந்தால் தான் தயார் என்கிறார்.

அடுத்த வலய மட்டப் போட்டிக்குள் பதக்கம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது. மகளின் பாடசாலை அணியும் இந்த முறை வலயத்தைத் தாண்டவில்லை. கடைசி விசில் வரை ஓடினார்கள், தோற்ற பிறகு ஒருத்தியும் இன்னொருத்தியைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது போதும், அடுத்த வருஷமும் அனுப்புவேன்.

முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை. தண்ணீர்ப் போத்தலும் அடி வழுக்காத சப்பாத்தும் கொடுத்துவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள், நீளமாக இருந்தால் டீச்சர் கோர்ட்டுக்குள் விட மாட்டார்.