கிளைவியா: கன்று பிரிப்பதா, விதை போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மரநிழலில் கிளைவியாச் செடியின் ஆரஞ்சுப் பூக்கொத்துகள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் மாமரத்தடியில் கிளைவியா வைக்காத வீடு குறைவு. பூத்து முடிந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து கேள்வி வரும்: "அக்கா, கன்று தர்றீங்களா, விதை தர்றீங்களா?" பல வருடங்களாக இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே செடியைப் பெருக்க இரண்டு வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கன்றில் வருவது அதே செடி, விதையில் வருவது அதன் பிள்ளை. இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள் ஐந்து வருடம் கழித்துத்தான் வருத்தப்படுகிறார்கள்.

கன்றை முதலில் பார்ப்போம். வாழைக்குப் பக்கக் கன்று விடுகிற மாதிரி கிளைவியாவும் தாய்த்தண்டின் அடியில் கன்று விடும். வாழையடி வாழை என்பது இதற்கு அப்படியே பொருந்தும்: பூவின் நிறம், இலையின் அகலம் எல்லாம் தாயைப் போலவே இருக்கும். எங்கள் வீட்டுச் செடி என் ஆயா, அதாவது பாட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வைத்திருந்தது. 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பியபோது, சட்டி பானையோடு ஒரு தகர டப்பாவில் அதன் கன்றும் சாட்ஸ்வர்த்துக்கு வந்தது. இன்று என் தங்கை வீட்டில் இருப்பதும் அதே செடிதான். விதை போட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

பூ உதிர்ந்த பிறகு, அக்டோபர், நவம்பரில் பிரிப்பது நல்லது. கன்றுக்கு நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு இலைக் கன்றைப் பிய்த்தால் வேர் இல்லாமல் கையோடு வரும், பெரும்பாலும் அழுகிப்போகும். மண்வெட்டியால் நடுவில் வெட்டாதீர்கள். செடியை முழுதாகத் தோண்டி எடுத்து, தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டு, தடித்த வேர்களை விரலால் பிரித்து, ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் சுத்தமான கத்தியை வையுங்கள். வெட்டுவாயில் கந்தகத் தூளோ இலவங்கப்பட்டைத் தூளோ தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு நடுங்கள். நன்றாக வேர் பிடித்த கன்று ஒன்றிரண்டு வருடத்தில் பூத்துவிடும்.

குறையும் உண்டு. ஒரு தாய் வருடத்துக்கு ஒன்றிரண்டு கன்றுக்கு மேல் தராது, சில செடி தருவதே இல்லை. நெருக்கமாக இருந்தால்தான் கிளைவியா நன்றாகப் பூக்கும் என்பதால், பிரித்த தாய் அடுத்த பருவம் முகம் திருப்பிக்கொள்ளலாம். தாயிடம் இருக்கும் மாவுப்பூச்சியும் கன்றோடு சேர்ந்தே வரும்; வாங்கியதும் இலையடியைப் பிரித்துப் பாருங்கள்.

சரி, விதைக்கு வருவோம். எனக்கு மனசு அதிகம் ஒட்டியது இதில்தான்.

கிளைவியா தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது. பக்கத்துச் செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையில் எடுத்துச் சூலக முடியில் தடவினால் காய் நிச்சயம். காய் பழுக்க ஒன்பது மாதத்துக்குக் குறையாது. ஆரஞ்சுப் பூவின் பழம் சிவக்கும், மஞ்சள் பூவின் பழம் மஞ்சளாகும். பழுத்ததும் சதையையும் விதைமேல் இருக்கும் மெல்லிய தோலையும் நீக்கி, கழுவி, காயப்போடாமல் உடனே விதையுங்கள். நம் ஊர் கீரை விதை மாதிரி உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் வீணாகிவிடும். மக்கிய பைன் பட்டையில் பாதி அமுங்குகிற மாதிரி வையுங்கள், மண்ணால் மூடாதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும், பிறகுதான் இலை. பூவுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

மஞ்சள் கிளைவியா ஆசைதான் பலரை விதைப் பக்கம் இழுக்கிறது. நேட்டாலில் ஏஷோவே ஊர்க் காட்டுப் பக்கம் கிடைத்த அந்த நிறத்தின் கன்றை விலை கேட்டாலே மலைப்பாக இருக்கும், விதை மலிவு. ஆனால் மஞ்சள் ஒடுங்கும் குணம், ஆரஞ்சு கூட இருந்தால் வெளியே தெரியாது. ஆரஞ்சோடு மஞ்சளைச் சேர்த்தால் பிள்ளைகள் பொதுவாக ஆரஞ்சாகவே பூக்கும், மஞ்சள் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று மஞ்சளாக வரும். அதாவது இரண்டு தலைமுறை, பத்து வருடம் வரை. மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தாலும் இரண்டும் வேறு வேறு வகையாக இருந்தால் ஆரஞ்சு வந்துவிடுவது உண்டு. ஒரு நல்ல விஷயம், பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாற்றின் அடித்தண்டு ஊதாச் சிவப்பாக இருந்தால் ஆரஞ்சு, வெறும் பச்சையாக இருந்தால் மஞ்சளுக்கு வாய்ப்பு. இரண்டு இலை வந்ததுமே பிரித்து வைத்துவிடலாம்.

இந்தப் பூவின் பெயரில் நம் மெட்ராஸும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1828இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இந்தப் பெயரை வைத்தது சார்லட் ஃப்ளோரன்ஷியா கிளைவ் நினைவாக. ராபர்ட் கிளைவின் பேத்தி. சார்லட்டின் அப்பா மெட்ராஸ் கவர்னராக இருந்தபோது, 1800இல், சிறுமியாக அம்மாவோடு ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர் என்று சுற்றியவர். அதற்கு 60 வருடம் கழித்து அதே மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறி நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில், அவர் பெயர் கொண்ட செடி காடுகளில் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. ஜூலு மக்கள் அதை உமாயிமே என்கிறார்கள்.

காட்டில் தோண்டி எடுக்கும் மூன்றாவது வழியை ஒப்பிடவே மாட்டேன். மருந்துக்காகத் தோண்டியும் காடு அழிந்தும் இயற்கையில் கிளைவியா அருகி வருகிறது; பாதுகாக்கப்பட்ட செடி, அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். சாலையோரத்தில் யாராவது வேரோடு மூட்டையாக விற்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆய்வகத்தில் செய்யும் திசு வளர்ப்பு வீட்டு வேலை அல்ல, அதையும் விட்டுவிடுவோம்.

எந்த வழியானாலும் நீர் தேங்காத கலவையும் நிழலும் வேண்டும். நேரடி மதிய வெயில் இலையைக் கருக்கிவிடும். இரவில் லில்லிப் புழு குருத்துக்குள் புகுந்து தண்டையே கூழாக்கும். கோடையில் வாரம் ஒருமுறை குருத்தைப் பாருங்கள். செடியின் சாறு விஷம், குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் கையுறை போட்டு வேலை செய்து, வெட்டிய துண்டுகளை அப்புறப்படுத்துங்கள்.

ஆக, அம்மா வீட்டுச் செடி வேண்டும், இரண்டு வருடத்தில் பூ வேண்டும் என்றால் கன்று. வேலியோரம் முழுக்க ஐம்பது செடி வேண்டும், அல்லது யாரிடமும் இல்லாத நிறம் வேண்டும் என்றால் விதை. அறுபது தாண்டியவர்கள் "எனக்கு எதற்கு விதை" என்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. என் பெரியம்மா எழுபத்தொரு வயதில் விதைத்த தட்டில் ஏழு செடி பூத்ததை அவரே பார்த்தார்.

இந்த வருடம் ஆயா செடியில் இரண்டு கன்று தேறியிருக்கிறது. ஒன்று கல்யாணமாகி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் தங்கை மகளுக்கு. சமையலறை ஜன்னலில் இரண்டாம் தலைமுறை நாற்று பதினாறு நிற்கிறது. மூன்றின் அடித்தண்டு பச்சை.